அடி வாங்குபவரின் ஆட்டம்

“அவன் கை மேல படவே இல்ல, இவன் இன்னாத்துக்குடா வுழுறான்?” என்று பெரியப்பா கேட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குக் கேபிள் இணைப்பு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஒரே அறைக்குள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க நிறுவனத்தின் மல்யுத்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் தோளில் துண்டோடு வாசற்படியில் நின்று திரையை ஒரு முறை பார்த்தார். கேள்வியை வீசிவிட்டுப் போய்விட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தொழில்முறை மல்யுத்தம் பார்த்துவரும் எனக்கு, அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதை விவரமறியாத கேள்வி என்று தள்ளிவிட முடியாது. பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இளமையில் கையுறை மாட்டி மேடை ஏறியவர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வட சென்னையே இரண்டாகப் பிரிந்து நின்று குத்துச்சண்டை பார்த்த காலத்தின் மிச்சம் அவர். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில், நேரு விளையாட்டரங்கில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைக் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்ததை இன்றும் சொல்லுவார். அவர் அறிந்த மேடையில் வலியை வெளியே காட்டுவது குற்றம். விலாவில் விழுந்த குத்து நோகிறது என்று முகம் சொல்லிவிட்டால், எதிராளி அடுத்த குத்தையும் அதே விலாவில்தான் இறக்குவான். அப்படி வலியை விழுங்கிப் பழகிய ஒருவர், கன்னத்தில் ஓர் அறை விழுந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூத்தாடும் மனிதர்களைப் பார்த்து முகம் சுளித்ததில் வியப்பில்லை.

மல்யுத்த மேடையில் விதி நேர் எதிரானது. அங்கே வலியை மறைப்பவர் தொழில் தெரியாதவர். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் எந்த மூட்டு நோகிறது, எவ்வளவு நோகிறது என்பது விளங்க வேண்டும். தொழிலில் உள்ளவர்கள் இதைச் ‘செல்லிங்’ என்பார்கள். வலியைக் கூட்டத்தின் தலையில் கட்டுவது என்று நான் பொருள் சொல்லிக்கொள்வேன். ஆட்டத்தின் முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. இது போட்டி விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே 1989-இல் நியூ ஜெர்சி மாநில மேலவையில் ஒப்புக்கொண்டது. விளையாட்டு வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க அந்த ஒப்புதல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வெற்றி யாருக்கு என்பதை யாரோ ஓர் அறையில் எழுதிவிடுகிறார்கள் என்றால், மேடையில் எழுதப்படாமல் மிஞ்சியிருப்பது என்ன? அடிப்பவரின் கை எங்கே நிற்கிறது, வாங்குபவரின் உடல் எப்படி விழுகிறது என்பவைதாம். நான் பார்ப்பது அதை மட்டுமே.

ஆனால் சிறுவனாக இருந்தபோது நாங்கள் வேறு கணக்கு வைத்திருந்தோம். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் விற்ற ட்ரம்ப் கார்டுகளில் ஒவ்வொரு வீரரின் படத்துக்கும் கீழே உயரம், எடை, மார்பளவு, கைச்சதையின் சுற்றளவு, மோதிய சண்டைகள், வென்ற சண்டைகள், ரேங்க் என்று வரிசையாக எண்கள் இருக்கும். முதல் ரேங்க் சீட்டு கையில் இருப்பவன் அன்றைய இடைவேளைக்கு ராஜா. கணக்குப் பாடத்தில் தோற்றவர்கள்கூட ஆண்ட்ரே தி ஜயண்ட்டின் எடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார்கள். அந்தச் சீட்டுக்கட்டில் ‘எப்படி விழுவார்’ என்பதற்கு ஒரு கட்டம் இல்லாமல் போனதால்தான், நல்ல ஆட்டக்காரர்கள் பலரை நாங்கள் ஒன்றுக்கும் ஆகாதவர்கள் என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம்.

விழுவது அத்தனை எளிதான வேலையும் அல்ல. மேடை பஞ்சு மெத்தையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புச் சட்டத்தின் மீது மரப்பலகைகள், அவற்றின் மீது மெல்லிய நுரைத் தகடு, அதற்கும் மேலே இழுத்துக் கட்டிய கித்தான், அவ்வளவுதான். இருபதடிச் சதுரமான அந்தப் பரப்பில் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். கைகள் இரண்டும் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கழுத்து போய்விடும். நாங்கள் காசிமேட்டு மணலில் ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு அவனுடைய தோள்பட்டை எலும்பை முறித்தது, அடிப்பதை மட்டும் தொலைக்காட்சியில் கற்றுக்கொண்டு விழுவதைக் கற்காததன் விளைவு. அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து போட்ட கூச்சல், எந்த வருணனையாளரும் போடாதது.

எங்கள் சந்தில் அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு இருந்த செல்வாக்கு அக்காலத் திரை நட்சத்திரங்களுக்கு இணையானது. அவருக்கு ஏழு உயிர், செத்துச் செத்துப் பிழைத்தவர் என்ற வதந்தியை நாங்கள் யாரும் சந்தேகித்ததில்லை. எவ்வளவு அடி விழுந்தாலும் மல்லாந்து கிடந்தபடியே சட்டென்று எழுந்து உட்காருவார், நாங்கள் அலறுவோம். இன்று யோசித்தால், அவருடைய பாத்திரமே வலியைக் காட்டாத பாத்திரம் என்பதும், என் அளவுகோலின்படி அது குறையாகத் தெரிய வேண்டும் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தச் சேமிப்பை அவர் பல ஆண்டுகள் கழித்து ஒரே நாளில் செலவழித்தார். 2009-இல் ஹூஸ்டனில் நடந்த 25ஆவது ரெஸில்மேனியா என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சியில், ஆட்டங்களை முடித்துவைக்கும் தம்முடைய டூம்ஸ்டோன் அடியை வாங்கிய பிறகும் ஷான் மைக்கேல்ஸ், நடுவர் மூன்று எண்ணித் தோல்வியை உறுதிசெய்வதற்குள் தோளைத் தூக்கிவிட்டபோது, அண்டர்டேக்கரின் கண்கள் விரிந்து அவர் முகம் ஒரு கணம் சாதாரண மனித முகமாகிவிட்டது. பதினெட்டு ஆண்டுகளாக எதற்கும் திகைக்காத ஒருவர் திகைத்தார் என்பதே அந்த ஆட்டத்தின் உச்சம். அதே ஆட்டத்தில் அவர் கயிற்றுக்கு மேலாகப் பாய்ந்து வெளியே விழுந்தபோது, பிடிக்க வேண்டியவர் சரியாகப் பிடிக்காததால் தலைகுப்புறத் தரையில் மோதினார் என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான வலியைக் காட்ட அவருக்கு நேரமில்லை. எழுந்து பொய்யான வலியைத் தொடர்ந்தார். 2014-இல் பிராக் லெஸ்னரிடம் அவருடைய 21 ரெஸில்மேனியா வெற்றிகளின் தொடர் முடிந்தபோது, நண்பன் ஒருவன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் வருந்தியது வேறு காரணத்துக்காக: அந்த ஆட்டம் நன்றாக இல்லை. அவருக்கு நடுவில் மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது.

பார்த்ததிலேயே சிறந்த ஆட்டம் எது என்று யாராவது கேட்டால் நான் தயங்குவதில்லை. 1997 மார்ச் 23 அன்று சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில், 13ஆவது ரெஸில்மேனியாவில், பிரெட் ஹார்ட்டும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதிய ஆட்டம் அது. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய, பாதியில் தடுமாறி நிற்கும் ஒரு சிடியில்தான் அதை முதலில் பார்த்தேன். எதிராளியைத் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்தால் மட்டுமே வெற்றி என்பது விதி. நடுவர் கென் ஷாம்ராக். தொடக்கத்தில் ஹார்ட் நல்லவர், ஆஸ்டின் முரடர். இறுதியில் நெற்றி பிளந்து இரத்தம் பல்லிடுக்கில் வழிய, ஷார்ப்ஷூட்டர் என்ற கால்முறுக்குப் பிடியில் குப்புறக் கிடந்த ஆஸ்டின், ஒரு முறை கையூன்றி நிமிர்ந்து பிடியை ஏறத்தாழ உடைத்தேவிட்டார், முடியவில்லை, விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை, அப்படியே மயங்கிப் போனார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தினார். அதன் பிறகும் ஹார்ட் விழுந்தவரை உதைக்கப் போனபோது அதே கூட்டம் அவரை ஏசியது. நொண்டியபடி, உதவிக்கு நீண்ட கையைத் தள்ளிவிட்டு நடந்து போன ஆஸ்டினை வாழ்த்தியது. நல்லவரும் கெட்டவரும் ஓர் ஆட்டத்துக்குள் இடம் மாறிக்கொண்டார்கள். ஆஸ்டின் தோற்றார், ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தத் தொழிலையே தூக்கி நிறுத்திய நாயகன் அந்தத் தோல்வியில்தான் பிறந்தார். அவர் அடித்த எந்த அடியாலும் இது நடந்திருக்காது.

அடி வாங்குவதிலும் அளவு உண்டு. ஆட்டத்தை முடிக்க ஆஸ்டின் கொடுக்கும் ஸ்டன்னர் என்ற அடியைத் தி ராக் என்ற வீரர் வாங்கும் அழகைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்: ஏலக்கூடத்துத் தரையில் கூடையிலிருந்து நழுவிய வஞ்சிரம் போல ஒரு துள்ளு, விழுந்து இன்னொரு துள்ளு. அது மிகைதான், ஆனால் அந்த மிகை ஸ்டன்னரைப் பெரிதாக்கியது. மாறாக, 2005-இன் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஹல்க் ஹோகனிடம் ஷான் மைக்கேல்ஸ் தோற்ற விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் சினமும் ஒன்றாக வருகின்றன. ஹோகன் தொட்டதற்கெல்லாம் மைக்கேல்ஸ் பம்பரமாகச் சுழன்று, குட்டிக்கரணம் போட்டு, மேடையெங்கும் துள்ளி விழுந்தார். எதிராளியைப் பெரிதாக்க வேண்டிய கலையைக் கொண்டே எதிராளியைக் கேலிப்பொருளாக்கினார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர்; அதனால்தான் அது மன்னிக்க முடியாதது.

நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வரும் இடம் 1998-இன் ‘ஹெல் இன் எ செல்’ என்ற கூண்டு ஆட்டம். கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் தூக்கியெறிய, மிக் ஃபோலி வருணனையாளர் மேசையின் மீது விழுந்து அதை நொறுக்கியதும், சிறிது நேரத்தில் மீண்டும் மேலேறிப் போய்க் கூரை பிய்ந்து உள்ளே விழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த மனிதரின் துணிச்சலுக்கு முன் நான் வாய் திறக்க முடியாது. இருந்தாலும் அதை நல்ல ஆட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே வலி காட்டப்படவில்லை, வலி நிகழ்ந்தது. பார்வையாளனாகிய நான் அதற்குக் கூட்டாளியாகிவிட்டேன். அடுத்த ஆண்டு மே மாதம் கான்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் அரங்கின் உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். உயரத்தை வைத்து விளையாடும் ஆட்டங்களை அதற்குப் பிறகு நான் முழுமனதோடு பார்த்ததில்லை.

இந்திய வீரர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் பக்கத்து வீட்டுத் தம்பி என்னை விடமாட்டான். 2007 ஜூலையில் தி கிரேட் காலி உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது உண்மை. அதில் ஒரு சரம் என்னுடையது. இமாச்சலத்திலிருந்து வந்து, பஞ்சாப் காவல்துறையில் வேலை பார்த்து, அத்தனை தொலைவு போன மனிதரை மதிக்கிறேன். ஆயினும் அவரால் ஓடவும் முடியாது, விழவும் முடியாது. 2006-இல் அவர் வந்தபோது பெரிய ஆளாகத் தெரிந்ததற்குக் காரணம், அண்டர்டேக்கர் அவருக்காக விழுந்து கொடுத்ததுதான். 2017-இல் ராண்டி ஆர்ட்டனை வென்று சாம்பியனான ஜிந்தர் மஹால் கனடாவில் பிறந்த பஞ்சாபி. நம் நாட்டுச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு என்று அப்போது பரவலாகப் பேசிக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லிக்கு வந்தபோது, டிரிபிள் எச்சிடம் அவரைத் தோற்கடித்து அனுப்பினார்கள். சொந்த ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துப் பந்தியில் இலை போடாத கதையாக இருந்தது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், ரோமன் ரெய்ன்ஸின் குடும்பக் கதையை நான் தெருக்கூத்தாகத்தான் பார்த்தேன். அம்மாவின் ஊர் செய்யாற்றுப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்திருக்கிறேன். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று காலை மட்டும் காட்டி, திரை விலகுவதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். கட்டியங்காரன் அவன் பெருமையை அடுக்குவான், நடுநடுவே அவனையே கிண்டலும் செய்வான். ரெய்ன்ஸ் நுழைவாயிலிலிருந்து மேடைக்கு வரும் வேகமும், பக்கத்தில் பட்டத்தைச் சுமந்து வரும் பால் ஹேமனின் பேச்சும் அப்படியே அதுதான். துரியோதனன் சாகப்போகிறான் என்று தெரிந்தே ஊர் உட்கார்ந்திருக்கிறது. ‘இது பொய்தானே’ என்று கேட்டு யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போவதில்லை. 1316 நாள்கள் பட்டத்தை வைத்திருந்த ரெய்ன்ஸின் ஆட்டங்களில் பாதி, உறவினர் யாராவது ஓடிவந்து குறுக்கிடுவதில் முடிந்து அலுப்பூட்டின. ஆனால் 2023 ஜனவரியில், அவர் கூட்டத்தில் ஒருவராக இருந்த சாமி ஜேன் நாற்காலியை ஓங்கி அவர் முதுகில் இறக்கியதும், கண்ணில் நீரோடு அவர் உறவினர் ஜே உசோ எந்தப் பக்கமும் நிற்காமல் இறங்கி நடந்ததும், முதுகில் விழுந்த அடியைவிட நம்பிக்கையில் விழுந்த அடியை எப்படிக் காட்டுவது என்பதற்குப் பாடம்.

இன்றைய ஆட்டங்களின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை மறதி. பத்து நிமிடம் ஒருவருடைய முழங்காலை முறுக்கி, கம்பத்தில் மோதி, நொண்ட வைக்கிறார்கள். பதினோராவது நிமிடம் அவர் அதே காலால் மூன்றாவது கயிற்றில் ஏறிப் பறக்கிறார். உதைக்கும்போது ஓசை வரவேண்டும் என்று தங்கள் தொடையைத் தாங்களே தட்டிக்கொள்வதும், கேமராவுக்கே அது தெரிவதும் இன்னொரு நோய். ஒரு காலத்தில் ஆட்டத்தை முடித்துவைத்த அடிகளை இப்போது நான்கைந்து வாங்கியும் எழுகிறார்கள். 2015-இல் புரூக்லினில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் ஆடியதை இவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்ட வேண்டும். பெய்லியின் அடிபட்ட கையைச் சாஷா கட்டை அவிழ்த்து மிதிக்கிறார். அந்தக் கை கடைசி வரை அடிபட்ட கையாகவே இருக்கிறது. ஜப்பானில் 2018-இல் ஒக்காடாவும் கென்னி ஒமேகாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மோதியபோது என் குறைகள் பல அதிலும் இருந்தன. ஆனால் கடைசி இருபது நிமிடங்களில் இருவரும் நிற்கவே முடியாமல் தள்ளாடியதை நம்பினேன். நம்பிய பிறகு குறை பேச மனம் வரவில்லை.

நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. 2023 செப்டம்பர் 8 அன்று ஐதராபாத்தின் கச்சிபௌலி உள்ளரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு, அலுவலகத்தில் உறவினர் திருமணம் என்று சொல்லிவிட்டு, நண்பர்கள் இருவரோடு சென்ட்ரலில் ரயில் ஏறினேன். கூட்டம் வந்தது ஜான் சீனாவுக்காக. அவரும் செத் ராலின்ஸும் ஜோடி சேர்ந்து லுட்விக் கைசர், ஜியோவானி வின்சி ஆகிய இருவரை வீழ்த்தினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது கைசரை. சீனா கையை ஆட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கீழே அசையாமல் கிடந்து காத்திருப்பதும், தோளில் ஏற்றப்பட்டபோது முகத்தில் காட்டிய பீதியும் அவருடைய உழைப்பு. அன்று இன்னொன்றும் கற்றேன். குந்தர் தம் எதிரியான ஷாங்கியின் மார்பில் உள்ளங்கையால் அறைந்த ஓசை, மிகத் தள்ளி உட்கார்ந்திருந்த எங்களை வந்து தொட்டது. அதில் தொடைத் தட்டல் ஏதும் இல்லை. ஆட்டம் முடிவதற்குள் நண்பன் தன்னையறியாமல் மார்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பிய பிறகு பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். இப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் எதையும் விளக்காமல், 2022-இல் கார்டிஃபில் குந்தரும் ஷேமஸும் மோதிய ஆட்டத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டு மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெள்ளை வெளேரென்ற ஷேமஸின் மார்பு அறை அறையாகச் சிவந்து, பிறகு கன்றிப்போய்க் கொண்டிருந்தது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு விரலால் திரையைத் தொட்டு நிறுத்தப் பார்த்து, நிறுத்தத் தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

“அறை வுழுறதுக்கு முன்னாடியே மூச்ச வுட்டுர்றான் பாரு. எங்க வாத்தியார் அப்டித்தான் வவுத்துக்குச் சொல்லிக் குடுப்பாரு.”

“ஆமா பெரிப்பா.”

“இன்னொரு தபா போடு.”